நெற்றியில் ஒரு கோடு

"உள்ள வாங்க அண்ணி. ஸ்டூல் கொஞ்சம் ஆடும். ஆனா ஆளைத் தள்ளிவிடாது."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாத்தனார் சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. 'என் வீட்டு வாசலை மிதிக்காதே' என்று நாத்தனாரை விரட்டியவள் அவள்தான். கைக்குழந்தையைக் கீழே போட்டு, நெற்றி எலும்பில் விரிசல் விழ வைத்தவளை வேறென்ன செய்வதாம் என்று இத்தனை வருடமும் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"பையன் பந்து விளையாடறப்ப கம்பத்துல தலையை இடிச்சுக்கிட்டான். ஸ்கேன் எடுத்தோம்."

"ஐயையோ! இப்ப எப்படி இருக்கான்?"

"அந்த வாலுக்கு ஒண்ணும் ஆகல. கம்பம்தான் பாவம்." அண்ணி புடவைத் தலைப்பைத் திருகினாள். "ஆனா அந்தப் பழைய கோடு அப்படியே இருக்கு. அது விரிசலே இல்லையாம். பொறக்கறப்ப எல்லாருக்கும் நெத்தி எலும்பு ரெண்டாத்தான் இருக்குமாம். அப்புறம் ஒண்ணா சேர்ந்துடுமாம். சிலருக்கு மட்டும் சேர்ந்த கோடு மறையாதாம். அன்னிக்கு ஓயாம வாந்தி எடுக்கறான்னு தூக்கிட்டுப் போனோமே, அந்த டாக்டர் படத்தைப் பார்த்துட்டு, அடிபட்டதுன்னு தப்பா சொல்லிட்டாரு."

மடியில் கிடந்த துணி நழுவியதுகூட நாத்தனாருக்குத் தெரியவில்லை.

"நீ கீழ போட்டதால அவனுக்கு ஒண்ணுமே ஆகல. அது தெரியாம உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உன் கல்யாணத்துக்குக்கூட வரல. மன்னிச்சிடும்மா. வீட்டுக்கு வா."

நாத்தனார் கண்களை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். பிறகு அண்ணியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா! இனிமே நீங்களும் மனசுக்குள்ள குமைய வேண்டாம், அண்ணி."

"நானா? எதுக்கு?"

"உங்க கை தவறினதுக்குத்தான். 'யாருடி குழந்தையைப் போட்டது'ன்னு அண்ணன் கத்தினப்ப உங்க கை அப்படி நடுங்குச்சே! தங்கச்சின்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டுருவாரு. உங்களை வாழ விடுவாரா? அதான் நான் போட்டேன்னு சொல்லிட்டேன்."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அன்று அவள் கை நடுங்கியது கணவனின் கோபத்துக்குப் பயந்துதான். குழந்தை யார் கையிலிருந்தும் விழவே இல்லை.