உமிச் சாம்பல் பூச்சு

திருத்தணிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் மொட்டை மாடியில் அன்று காலை இருந்தவர்கள்: நெல் உமிச் சாம்பலில் தூசி ஒட்டாத பூச்சு கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஆராய்ச்சி மாணவி அனுசுயா, அதைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் பிரபாவதி, மாடி பெருக்கும் குப்பம்மாள். எதிரே, பூச்சு பூசியதும் பூசாததுமாக இரண்டு சோலார் பேனல்கள்.

மீட்டர்களைப் பார்த்த பிரபாவதி உதட்டைப் பிதுக்கினார். “ஆறு மாசமா ரெண்டும் ஒரே அளவு கரண்ட்தான் குடுத்திருக்கு. உன் பூச்சால என்ன பிரயோஜனம்? வேற தலைப்பு பாரும்மா.”

நான்கு வருட உழைப்பு. அனுசுயா மீட்டர்களை மறுபடியும் குனிந்து பார்த்தாள். “பக்கத்துக் கல் குவாரித் தூசி இவ்வளவு பறக்குது மேடம். பூசாத பேனல் எப்படி...”

“எங்க கீது தூசி?” குப்பம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தெனம் ஈரத்துணி போட்டுத் தொடச்சிகினுதானே கீறேன்!”

அனுசுயா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ரெண்டையுமா அக்கா?”

“இன்னா பாப்பா நீ!” குப்பம்மாள் பூச்சு பூசிய பேனலைக் காட்டினாள். “ஆயுத பூஜைக்கு நீதானே இதுக்குப் பொட்டு வெச்சே? சாமி பொருளு மேல தரை தொடைக்கிற துணிய வெப்பனா? நாதியத்துக் கெடக்குதேன்னு அந்தப் பக்கத்துதைத்தான் தொடச்சேன்.”

பிரபாவதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அப்போ தினமும் துடைச்ச பேனலுக்கு, துடைக்காத உன் பேனல் சமமா நின்னிருக்கு! யாரும் தொடாம இன்னும் மூணு மாசம் நடத்திக் காட்டு. நான் கையெழுத்துப் போடறேன்.”

“பாவம், அது அழுக்காப் பூடுமே” என்று முனகிக்கொண்டே குப்பம்மாள் படியிறங்கினாள். அவள் பின்னால் மாடிக் கதவைச் சாத்திப் பூட்டினாள் அனுசுயா.