உள்ளே வரலாமா

வட்டிக்குக் கொடுத்த தங்கப்பழம் ஜப்தி செய்துவிடுவாரோ என்று பயந்து, ஞானமுத்து தன் வீட்டை மைத்துனன் செல்வின் பேருக்கு எழுதி வைத்தார். "எழுதிக் கொடுத்ததெல்லாம் நாடகம், அது இன்னமும் அவன் வீடுதான்" என்று தங்கப்பழம் வழக்குப் போட்டார். அதனால் ஞானமுத்து நாடகத்தைப் பிசகில்லாமல் நடிக்க வேண்டியதாயிற்று. செல்வினை வீட்டில் குடிவைத்துவிட்டு, பின்பக்கத்து ஓட்டுச் சாய்ப்புக்கு மாறினார். கோர்ட் அமீனா விசாரிக்க வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டபிறகே படியேறினார். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று தினமும் அப்படியே கேட்டார். கூண்டில் ஏறி, கடவுள் அறிய அது என் வீடு இல்லை என்றார். தங்கப்பழத்தின் வழக்கு தள்ளுபடியானது.

அன்று சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தவருக்குக் கதவு பாதிதான் திறந்தது.

"சாய்ப்பையும் காலி பண்ணிருங்க அத்தான். ஒங்க வீடு இல்லன்னு கோர்ட்டே சொல்லிட்டுல்லா" என்றான் செல்வின். அவனுக்குப் பின்னால் ஞானமுத்துவின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதை அவர் வீடு என்று சாதித்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். ஞானமுத்து பொட்டலத்தோடு அவரிடம் போனார்.

"அப்பீலுக்குப் போங்க அண்ணாச்சி. அது என் வீடுதான்னு நானே வந்து சொல்லுதேன்."

"சொன்னா வீடு எனக்குல்லா வந்துரும்?"

"வரட்டும்."

தங்கப்பழம் கதவை அகலத் திறந்து, "உள்ள வாரும்" என்றார்.

ஞானமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்குக் கீழேயே நின்று கேட்டார்:

"உள்ள வரலாமா?"