ஏரியில் பொறுக்கிய கல்

கெடார் ஏரியில் இறங்கும்போதே மல்லிநாதன் மகளிடம் சொல்லிவிட்டார். "பூ, எல, பூச்சி எதையும் தொடக் கூடாது. எல்லாத்துக்கும் உசுரு இருக்கு."

"கல்லு?"

"கீழ கெடக்குற கல்லுதான, எடுத்துக்கோ."

வறண்ட ஏரியில் பத்மப்ரியா புள்ளி போட்ட கற்களாகத் தேடித் தேடிப் பையில் போட்டாள். தலைக்கு மேலே ஓர் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே பாய்ந்தது.

"ஏம்ப்பா நம்மளயே தொரத்திக்கினு வருது?"

"ஆளப் பாத்தா கத்தும். அதான் அதுக்கு அந்தப் பேரு."

"ஜல்தி வாங்க, இருட்டறதுக்குள்ள சாப்புடணும்" என்றாள் மனைவி ரத்னமாலா. பறவை ரோடு வரைக்கும் பைக்கைத் துரத்தியது.

விழுப்புரம் வீட்டில் சாப்பாட்டை முடித்ததும் ரத்னமாலா பையைத் தட்டில் கவிழ்த்தாள். அலறினாள்.

"என்னங்க, கல்லு ஒடஞ்சு ரத்தமா ஒழுவுது!"

மல்லிநாதன் ஓடிவந்தார். பரம்பரையாகச் சைவமான ஜைன வீடு அது. அங்கே யாரும் ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

மூன்று நொறுங்கிக் கிடந்தன. நான்காவதில் விரிசல் விட்டு, சின்ன அலகு ஒன்று வெளியே வந்தது.

பத்மப்ரியா அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அதோட அம்மாவாப்பா நம்மளத் தொரத்துச்சு?"