ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

பார்டர் பரோட்டாக் கடையின் கல்லாவுக்கு முன்னால் நின்று நாகராஜன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்றது திரை.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த பசி. ஜெபசிங்கும் அவருமாக ஒரு பிடி பிடித்திருந்தார்கள். பில்லுக்கு ஜெபசிங் கை நீட்டுமுன் இவர்தான் பறித்தார்.

“ஏலே, நான் இருக்கும்போது நீ குடுக்கதா?”

ஜெபசிங் இப்போது சப்-இன்ஸ்பெக்டர். ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டர் நாகராஜனுக்குக் கீழே கான்ஸ்டபிள். இன்றும் அவரிடம் ‘ஐயா’வைத் தவிர வேறு வார்த்தை வராது.

அந்த ஐயாவின் சட்டைப்பையில் பஸ்ஸுக்கான சில்லறைதான் இருந்தது.

போன தையில் எவனோ போனிலேயே ஏமாற்றி, ஓய்வுப் பணத்தைத் துடைத்து எடுத்துவிட்டான். அதன்பிறகு மகள் சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். இவர் ஸ்கேன் செய்யலாம். அவள் தன் போனில் ரகசிய எண்ணைப் போட்டால்தான் பணம் நகரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மிட்டாய்க் காசு கொடுக்கிற கதைதான்.

இது ஜெபசிங்குக்குத் தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சங்கரேஸ்வரி ஆலங்குளத்தில் டீச்சர். வகுப்பில் இருப்பாள்.

“டவர் இல்ல போலுக்கு,” என்று கூசாமல் பொய் சொன்னார். உள்ளே கூசியது. பின்னால் ஈரத்தலையோடு நின்றவர்கள் முனகினார்கள். கல்லாக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

போன் அடித்தது. கடை இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்காது என்று மகள் உரக்கவே பேசினாள்.

“யப்பா, யாருக்கு ரூவா? மறுபடியும் போலீஸ்னு எவனாச்சும் மிரட்டுதானா?”

“சாப்பிட்டதுக்குத்தாம்மா.”

பணம் வந்துவிட்டதைக் கல்லாவில் இருந்த பெட்டி கடை முழுக்கச் சொன்னது. ஜெபசிங் சோம்பை மென்றுகொண்டு தெருவைப் பார்த்தான். கேட்டிருப்பான். போலீஸ்காரன் காது.

வெளியே வந்து, ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் என்றும் போல விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தான். அதில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பதிலுக்கு அவர் கை எழவில்லை.

மகளிடம்கூட அவர் சொல்லாதது ஒன்று உண்டு. பணம் போன அன்று வீடியோ காலில் இவரைவிடப் பெரிய அதிகாரியின் உடுப்பில் அந்த ஏமாற்றுக்காரன் வந்தான். இடுப்பில் சாரத்தோடு இருந்த நாகராஜன் ஓடிப்போய் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தார். போனைச் சுவரில் சாத்தி வைத்து, அதற்கு சல்யூட் அடித்தார்.

உட்காரும்படி அவன் சொல்லவில்லை. கேட்ட பணத்தையெல்லாம் நின்றுகொண்டேதான் அனுப்பினார்.