தம்பியின் ஆட்கள்

"டேய், அக்காவ விடுடா. போதும்" என்றாள் அம்மா, என் முழங்காலைப் பார்த்து.

மருந்தை எடுக்கத் திரும்பியிருந்த நர்ஸ், எந்தப் பையன் உள்ளே புகுந்துவிட்டான் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

யாரும் இல்லை. நானும் அம்மாவும்தான். அப்புறம் என் இடது முழங்கால், தனியாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல வீங்கிக் கிடந்தது.

அம்மா பேசியது முழங்காலோடுதான் என்று விளக்கினேன். சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்த நர்ஸ், சிரிக்காமலே இருந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் எனக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. என் தம்பி தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தான். அன்றிலிருந்து என் உடம்பில் ஓடுவது அவன் இரத்தம்; இரத்தப் பிரிவுகூட அவனுடையதாக மாறிவிட்டது. கிருமியை விரட்டுகிற வெள்ளை அணுக்கள் எல்லாம் அவனிடமிருந்து வந்தவை.

புற்றுநோய் போனது. அதுவரை ஒழுங்காகக் காவல் காத்த அணுக்கள், ஒருநாள் என் மூட்டுக்குள் புகுந்து அதையே தின்ன ஆரம்பித்தன. வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று அவற்றுக்குக் குழம்பிவிட்டதாக டாக்டர் சொன்னார். வேலியே பயிரை மேய்ந்த கதை. என் விஷயத்தில் அது இரவல் வேலி வேறு.

தம்பியிடம் சொன்னபோது கையை விரித்துவிட்டான். நான் ஒன்றும் பண்ணவில்லை அக்கா, எல்லாம் என் ஆட்கள் செய்கிற வேலை என்றான்.

அவனை நம்ப முடியாது. சின்ன வயசில் ஜன்னலோர சீட்டுக்காக இதே முழங்காலைக் கடித்து வைத்தவன். தழும்பு இன்னும் இருக்கிறது. வீக்கத்தில் அதுவும் விரிந்து, யாரோ பெரிய ஆள் கடித்த மாதிரி தெரிகிறது.

முன்பெல்லாம் அம்மா காலையில் அவனுக்குப் போன் போட்டுத் திட்டுவாள். அக்கா இன்றைக்குப் படி இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள், உன் ஆட்களைக் கொஞ்சம் அடக்கி வை என்பாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டு, சரிம்மா, சொல்லி வைக்கிறேன் என்பான்.

இப்போது அவள் முழங்காலிடமே நேரடியாகச் சொல்லிவிடுகிறாள்.

நான் பஸ் டிரைவர். கிளச் மிதிக்கிற கால் இது. லீவும் தீர்ந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் மூட்டில் குருத்தெலும்பு மிஞ்சாது, அப்புறம் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாரம் ஓர் ஊசி, வயிற்றில். அந்த அணுக்களை அது கொல்லாது, அடக்கி உட்கார வைக்கும் என்றார். அம்மா அதை நம்பவில்லை.

இதற்கு முன் இரண்டு முறை இந்தக் கட்டில்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறோம். சளி, காய்ச்சல் இருந்தால் இந்த ஊசியைப் போட மாட்டார்கள். முதல் முறை எனக்குச் சளி என்றாள் அம்மா. நானும் இருமினேன். அடுத்த முறை காய்ச்சல் என்றாள். நானும் போர்த்திக்கொண்டேன்.

ஏன் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.

இன்று நர்ஸ் உஷார். வந்தவுடன் தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டையும் சுத்தம்.

அம்மா விடவில்லை. என் முழங்காலில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் இல்லாமலா இப்படிச் சுடுகிறது என்று கேட்டாள்.

அது மூட்டுக்குள் நடக்கிற சண்டையின் சூடு, இந்த ஊசியே அதற்குத்தான் என்றாள் நர்ஸ். பொறுமைசாலி.

"அப்ப இந்தச் சூடு போயிடுமா?"

"சுத்தமா போயிடும்மா. தொட்டா ஜில்லுனு இருக்கும்."

நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அம்மா கையை எடுக்கவில்லை.

நான் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகை வரவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரிவதில்லை. யாராவது சிரித்தால் கொஞ்சம் கழித்துத்தான் புரிகிறது. உடம்பு மொத்தமும் மரக்கட்டை. இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் வலித்தது. அதனால்தான் நானும் இருமினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்து தம்பி செத்துப்போனான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அம்மா அவன் நெற்றியில் இதே மாதிரிதான் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். ஜில்லென்று இருந்தது என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

நர்ஸ் என் வயிற்றைப் பஞ்சால் துடைத்தாள். போடட்டுமா என்று கேட்டாள், என்னை இல்லை, அம்மாவை.

அம்மா என் காலைப் பார்த்தாள். கிளச் மிதிக்கிற பாதத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

ஊசி இறங்கியது. அது வலிக்கவே இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடாது, சூடு முழுசாக அடங்கச் சில வாரங்கள் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

அம்மா இன்னொரு கையையும் முழங்காலின்மேல் வைத்தாள்.

"பரவால்லம்மா. மெதுவாவே போகட்டும்."