விலகிக்கொள்ளலாம்

மூன்றாவது பெண்ணும் அதே வாக்கியத்தைச் சொன்னதும், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவள் பேனாவை மூடினாள்.

"எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் நான் விலகிக்கொள்ளலாம்."

இந்த உப்பளத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'வெலகிக்கிடலாம்' என்பார்கள்.

அந்த வாக்கியம் அவளுடையது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆய்வில் சேருகிறவர்களின் ஒப்புதல் படிவத்துக்காக அவளே எழுதியது. 'காரணம் கூறாமல்' என்ற சொற்களை உள்ளே கொண்டுவர ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள்.

இப்போது அது மனப்பாடச் செய்யுள்போல வந்தது. மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை.

சில வருடங்கள் வக்கீலாக இருந்தவள். சொல்லிக்கொடுத்த சாட்சியின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தக் குரல்களைக் கேட்டுச் சலித்துத்தான் கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். ஒப்பந்தங்களைப் படிப்பது. அனுமதி வாங்கித் தருவது. ஆய்வாளர்கள் சிக்கலில் மாட்டாமல் பார்த்துக்கொள்வது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, இப்போது அந்த அலுவலகமே அவள் பொறுப்பில்.

இந்த ஆய்வுக்கும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் இங்கே வேலை செய்பவர்களின் கண்ணைக் கெடுக்கிறது. அதற்கு ஒரு புதிய சொட்டு மருந்து. நல்ல ஆய்வு. பேராசிரியர் தனசிங்கும் நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஒன்றுதான் உறுத்தியது.

எந்த மருந்து ஆய்விலும் பாதியில் சிலர் நழுவுவார்கள். பயம், சலிப்பு, வீட்டில் ஒரு சாவு, ஏதாவது. இதில் ஒருவர்கூட நழுவவில்லை.

அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். தூத்துக்குடி தாண்டி உப்பளத்தில் வந்து இறங்கியபோது, பேராசிரியர் தன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார்.

"வாங்க மேடம். வெயிலுக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

யார் சொல்லியிருப்பார்கள்? அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் கங்காணி வாசலில் நின்றான். யார் வாய் திறந்தாலும் அவன் கண் அந்தப் பக்கம் போனது.

ஒருத்தி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"மருந்து எரியுதாம்மா?"

"எரிச்சல் எதுவும் இல்லை."

அதுவும் அச்சுத் தமிழ்.

அவள் எழுந்தாள். பேராசிரியரையும் கங்காணியையும் ஜீப்புக்குப் போகச் சொன்னாள். பேராசிரியர் சிரித்தபடியே போனார். கங்காணி நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனான். உப்புக் குவியல் அவர்களை மறைத்தது.

"இப்ப சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். நாளைக்கு வேலை போயிடும்னு பயப்படாதீங்க."

கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்.

"நீங்க இருக்கியளே மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர்கள் பக்கம் நிற்பதாகத்தான் இத்தனை நேரமும் நினைத்திருந்தாள். அவர்கள் பார்த்ததோ பேராசிரியரோடும் கங்காணியோடும் சேர்ந்த மூன்றாவது ஆளை.

கோபம் வந்தது. பிறகு போனது. சாட்சிக்கூண்டில் நிற்கும்போது யாரைத்தான் நம்ப முடியும்?

பழைய மருந்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கும் நாள் அது. எல்லோர் மடியிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருந்தது. குப்பிகளின் மேல் அவரவர் பெயர் ஒட்டியிருந்தது.

"நானும் வெளிய போறேன். மருந்து வேண்டாங்கறவங்க குப்பியை அந்தப் பெஞ்சுல வச்சுட்டுப் பின்பக்கமா வேலைக்குப் போங்க. வேணுங்கறவங்க கையோட கொண்டு போங்க."

வெளியே வந்து நின்றாள். உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. திரும்பிப் பார்க்காமலிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. கால்கள் நகரும் ஓசையும் கேட்கவில்லை. யாருமே எழுந்திருக்க மாட்டார்களோ? தன் சந்தேகம்தான் தப்போ? ஒரு நல்ல மனிதரின் பல வருட உழைப்பை ஒரு உறுத்தலுக்காகக் கெடுக்க வந்துவிட்டாளோ?

உள்ளே போனாள்.

கொட்டகை காலியாக இருந்தது.

எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சு நிறைந்திருந்தது.

ஒன்றைக் கையில் எடுத்தாள். விரலில் பசை ஒட்டியது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் பசை.

எல்லாக் குப்பிகளிலும் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"ஆய்வை நிறுத்தறேன் சார்."

பேராசிரியர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. கங்காணி ஓரடி முன்னால் வந்தான்.

"யாரு என்ன சொன்னாங்க மேடம்? பேரைச் சொல்லுங்க, நான் விசாரிக்கிறேன்."

அவள் பையைத் திறந்து காட்டினாள்.