இடது கன்னம்

பேருந்து கவிழ்ந்த செய்தி கேட்டு ஓடிவந்த தில்லைராஜனுக்குப் பிணவறைக்குள் போகத் துணிவு வரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த மனைவியின் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதியிருந்ததை வாசலிலேயே ஊழியருக்குப் படித்துக் காட்டினான். "இடது கன்னத்துல ஒரு மச்சம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

உள்ளே போனவர் திரும்பி வந்தார். "கன்னம் சுத்தமா இருக்கு சார். மச்சம் எதுவும் இல்ல."

"செண்பகம், அது உங்கக்கா இல்ல!" என்று மச்சினியைப் பார்த்துக் கத்தினான்.

அவள் முகம் மலரவில்லை. "மாமா, போட்டோவுல ஈ உக்காந்த மாதிரி இருக்குன்னு நீங்கதானே கூட்டிட்டுப் போய் அந்த மச்சத்த எடுக்க வச்சீங்க?"

தழும்புகூடத் தெரியக்கூடாது என்று டாக்டரிடம் சொன்னதும் அவன்தான். தையல் பிரித்த பிறகும், சிரிக்கும்போதெல்லாம் பவளக்கொடி அந்தக் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்க சார்." ஊழியர் பேனாவைத் திறந்தார்.

பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை மெல்ல எழுந்து அவனுடைய இடது கன்னத்தை மூடிக்கொண்டது.